பழைய கொலையும் புதிய கொலையும்

ஓர் ஊரில் ஒரு கொலை நடந்துவிட்டதென்ற செய்தி பரவியதும், சிராங்கூன் சாலைத் தேநீர்க்கடையாயினும் சரி, தோட்டத்து லயத்தின் திண்ணையாயினும் சரி, முதலில் எழும் பேச்சு செத்தவரைப் பற்றியதாக இருப்பதில்லை. "இதே மாதிரி முன்பும் ஒன்று நடந்ததே! செய்தவன் அகப்படவில்லையே! இதுவும் அவன் கைவேலையாகத்தான் இருக்கும்" என்று ஒருவர் தொடங்குவார். மற்றொருவர், முன்னது நடந்ததும் வெள்ளிக்கிழமை, இதுவும் வெள்ளிக்கிழமை என்பார். மூன்றாமவர் ஓர் ஆளின் பெயரையே சொல்லிவிடுவார். பொழுது சாய்வதற்குள் போலீசாரும் நீதிபதியும் தேவையில்லாமலே வழக்கு முடிந்துவிடும்.

அன்பர்களே, பழைய கொலைக்கும் புதிய கொலைக்கும் தொடர்பு தேடுவது தவறென்று நான் கூற வரவில்லை. அத்தகைய தொடர்பு பல வழக்குகளில் மெய்யாகவே இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததனால் பல உயிர்கள் தப்பியதும் உண்டு. காணத் தவறியதனால் பல உயிர்கள் போனதும் உண்டு. ஆனால் அத்தொடர்பை எதைக் கொண்டு நிலைநாட்டுவது என்பதே கேள்வி. இதற்கு விடை காணச் சரித்திரத்தில் நடந்த மூன்று வழக்குகளை நேயர்கள் முன் வைக்கிறேன். அவற்றுள் ஒன்றில் குற்றவாளி நம் இனத்தான். மற்றொன்றில் குற்றஞ்சாட்டப்பட இருந்தவர்கள் நம்மைப்போன்ற தோட்டத் தொழிலாளர்.

முதலாவது பம்பாயில் நடந்தது. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் அந்நகரின் புறப்பகுதிகளில், முன்னாளில் ஜி.ஐ.பி. என்று வழங்கிய ரயில் பாதையை ஒட்டி, நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் இரவு நேரத்தில் தாக்கப்பட்டார்கள். கனத்த பொருளொன்றினால் தலையில் அடித்த அடி. கூச்சல் எழுவதற்குள் அடித்தவன் இருளில் மறைந்துவிடுவான். அவ்வாறு தாக்குண்டவர்கள் பத்தொன்பது பேர் என்றும், அவருள் ஒன்பது பேர் மாண்டனர் என்றும் போலீஸ் கணக்கு சொல்லிற்று. அப்பக்கத்தில் திரிந்துகொண்டிருந்த ஒருவனைப் போலீசார் பிடித்தார்கள். ராமன் ராகவன் என்பது அவன் பெயர். வேறு பல பெயர்களாலும் அவன் அறியப்பட்டிருந்தான். கொள்ளைக் குற்றத்திற்காக முன்பே சிறையிலிருந்தவனாதலால் அவன் பெயரும் கைரேகையும் போலீஸ் ஏட்டில் இருந்தன. ஆயினும் கொலைகளோடு அவனைப் பிணைக்கத் தக்க சாட்சியம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே அவனை விட்டுவிட்டார்கள். கொலைகளும் நின்றன. துப்புத் துலங்காத வழக்குகளின் கட்டுக்குள் அவையும் போய்ச் சேர்ந்தன.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1968 ஆம் ஆண்டில் நகரின் வடபுறத்துக் குடிசைகளில் மீண்டும் அதே விதமான கொலைகள். இரவு, உறக்கம், தலையில் அடி, ஏழைகள் என எல்லாம் முன்போலவே இருந்தன. கோடையிலும் காற்றுக்காகத் திறந்த வெளியில் படுத்துப் பழகிய மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வெந்தார்கள். கதவே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? முறைவைத்துக் கண்விழித்தார்கள். கொலைகாரன் மனிதனல்லன், கிளியாகவும் பூனையாகவும் உருமாறி வருகிறான் என்றுகூட வதந்தி உலவிற்று. பகுத்தறிவு உறங்கும் இடத்தில் கிளியும் பூனையும் கொலைகாரர்களாகிவிடுகின்றன. மெய்யான கொலைகாரனோ வீதியில் கைவீசி நடக்கிறான்.

குற்றப்பிரிவின் துணைக் கமிஷனராக இருந்த ராமகாந்த் குல்கர்ணி என்பவர் விசாரணையை மேற்கொண்டார். பழைய கட்டுகளைப் பிரித்தார்கள். 1966 இல் பிடித்துவிட்ட ஆளின் படமும் அடையாளமும் காவலர் கைக்கு வந்தன. ஆகஸ்டு மாதம் 27 ஆம் தேதி அலெக்ஸ் பியாலோ என்னும் சப்-இன்ஸ்பெக்டர் வீதியில் சென்ற ஒருவனைக் கண்டு, படத்தை நினைவிற் கொண்டு, தடுத்து நிறுத்தினார். அவன் உடையில் இரத்தக்கறை இருந்தது. அவன் வைத்திருந்த பொருள்களோ சீப்பு, கத்தரிக்கோல், சோப்பு, பூண்டு, தேயிலைத்தூள் போன்றவை. ஒரு பரதேசியின் மூட்டைக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏட்டில் இருந்த அதே ஆள்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவன் யார் என்பதைக் கைரேகை சொல்லிற்று; இவன் என்ன செய்தான் என்பதை அது சொல்லவில்லை. பழைய கொலைகளையும் புதிய கொலைகளையும் இணைத்தது அவனுடைய வாய்தான். நெடுநாள் பேசாதிருந்தவன் பின்னர் கோழிக்கறி கேட்டு உண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான். இடங்களையும் காட்டினான். ஆயினும் கோர்ட்டில் அவன்மேல் நடந்த வழக்கு மலாடு பகுதியில் இருவரைக் கொன்றது பற்றியதே. 1969 இல் செஷன்ஸ் நியாயஸ்தலத்தில் விசாரணை நடந்தபோது, அவன் புத்தி சுவாதீனமுள்ளவன் என்று போலீஸ் வைத்தியர் கூறினார். நெடுங்கால மனநோயாளி என்று மனநோய் மருத்துவர் கூறினார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவன் அப்பீல் செய்ய விரும்பவில்லை. உயர்நீதிமன்றம் மூன்று மருத்துவர் கொண்ட குழுவை நியமித்துச் சோதித்தது. இறுதியில் 1987 இல், தீராத மனநோய் உடையவன் என்ற காரணத்தால் தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1995 இல் அவன் புனா நகரத்து மருத்துவமனையில் இறந்தான்.

அவன் எத்தனை பேரைக் கொன்றான்? இக்கேள்விக்கு இன்றுவரை ஒரே விடை கிடையாது. போலீசார் எண்ணியது ஒன்று. அவன் ஒப்புக்கொண்டது வேறொன்று. பின்னர் எழுதியோர் சொல்லும் தொகையோ நூலுக்கு நூல் மாறுகிறது. ஏன் இந்தக் குழப்பம்? செத்தவர்கள் யார் என்று பாருங்கள். பிழைப்பைத் தேடி நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்து, வீடும் விலாசமும் இல்லாமல் நடைபாதையிற் படுத்தவர்கள். நேற்று அங்கே படுத்திருந்தவன் இன்று இல்லையென்றால், ஊருக்குப் போயிருப்பான் என்று அடுத்தவன் நினைப்பான். ஊரில் இருப்பவர்களோ பம்பாயில் இருக்கிறான் என்று நினைப்பார்கள். இரண்டு நினைப்புகளுக்கும் நடுவே ஒரு மனிதன் காணாமற்போய்விடுகிறான். மாளிகை வாசிகள் ஒன்பது பேர் ஒரே விதமாக அடிபட்டுச் செத்திருந்தால் அவ்வழக்குக் கட்டு இரண்டு ஆண்டு மூடிக்கிடந்திருக்குமா என்று கேட்பது அநியாயமாகாது.

மற்றொரு செய்தியும் உண்டு. ராமன் ராகவன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றவன் என்று அவனைப் பற்றி எழுதியோர் கூறுவர். அவன் பிடிபட்ட காலமோ, தென்னாட்டார் வந்து வேலைகளைப் பறிக்கிறார்கள் என்று கூறி 1966 இல் தோன்றிய சிவசேனை, பம்பாய்த் தமிழர்மேல் பகைமூட்டிக்கொண்டிருந்த காலம். பிறநாட்டிற் பிழைக்கும் நமக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். ஒருவன் செய்த குற்றத்தை அவனுடைய இனத்தின்மேல் ஏற்றுவது, சாட்சியமின்றித் தொடர்பு கற்பிக்கும் வழக்கங்களிலெல்லாம் மிகக் கொடியது. அவன் கொன்றவர்களும் ஏழைகள், அவனும் ஏழை, அவன் பெயரால் வசைகேட்க நேர்பவர்களும் ஏழைகளே.

இனி, குற்றவாளியின் வாயை நம்பாமல் வேறொரு சான்றினால் பழையதையும் புதியதையும் இணைக்க முடியுமா என்று பார்ப்போம். அதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டு பின்னோக்கிச் சென்று, வங்காளத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற்குள் நுழைய வேண்டும்.

பூட்டான் எல்லையை அடுத்த ஜல்பாய்குரி ஜில்லாவில் 1897 ஆம் ஆண்டில் ஒரு தோட்டத்து மானேஜர் துரை, கழுத்து அறுபட்டுப் படுக்கையில் கிடந்தார். பெட்டி உடைக்கப்பட்டு நூற்றுக்கணக்கான ரூபாய் களவாடப்பட்டிருந்தது. முதற் சந்தேகம் யார்மேல் சென்றதென்று நம்மவருக்குச் சொல்லவும் வேண்டுமா? துரை கடுமையாக வேலை வாங்குபவர் என்று பெயர் எடுத்தவராதலால், கூலிகளில் ஒருவன்தான் பழிதீர்த்திருக்க வேண்டுமென்று எண்ணினார்கள். அடுத்து, உடையில் இரத்தப் புள்ளிகள் இருந்த சமையற்காரன்மேல் ஐயம். அதற்கடுத்து, துரையோடு தொடர்பிருந்த ஒரு பெண்ணின் உறவினர்மேல். பின்பு, அப்பக்கத்தில் கூடாரமடித்திருந்த காபூலிக் கூட்டத்தின்மேல். கடைசியாகத்தான், திருட்டுக்காகத் துரையால் சிறைக்கு அனுப்பப்பட்ட பழைய வேலைக்காரன் ஒருவன் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. அவனோ சில வாரங்களுக்கு முன்பே விடுதலையடைந்திருந்தான். அதன்பின் அவனை அந்த ஜில்லாவிற் கண்டவர் எவருமில்லை.

தூக்குமேடைக்கு அருகே எத்தனை கழுத்துகள் நின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றைக் காப்பாற்றியது ஒரு பஞ்சாங்கம்! பெட்டியிலிருந்த காகிதங்களுக்கிடையே, வங்காள எழுத்தில் அச்சிட்ட நாட்குறிப்புப் புத்தகமொன்று கிடைத்தது. அதன் வெளிர்நீல அட்டையில் மங்கிய பழுப்பு நிறக் கறைகள் இரண்டு இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அவற்றுள் ஒன்றில் விரல்ரேகை தெரிந்தது. அதைக் கல்கத்தாவிற்கு அனுப்பினார்கள். உலகத்தில் கைரேகைகளை வகைப்படுத்தி வைக்கும் காரியாலயம் அவ்வாண்டில்தான் அங்கே ஏற்பட்டிருந்தது. ஹென்றி துரையின் பெயரால் வழங்கும் அம்முறைக்குக் கணக்கு வகுத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரண்டு இந்திய அதிகாரிகள். ரேகைகளை 1,024 அறைகளில் பிரித்து வைத்து, வேண்டியதை விரைவில் எடுக்கலாம் என்று காட்டியவர்கள் அவர்களே. உழைப்பு இவர்களுடையது, பெயர் துரையுடையது என்பது அக்காலத்து வழக்கமாதலின் நாம் வியப்படைய வேண்டியதில்லை.

பழைய திருட்டு வழக்கில் தண்டனை பெற்றபோது எடுத்து வைத்திருந்த கங்காலி சரண் என்னும் அந்த வேலைக்காரனின் வலக்கைப் பெருவிரல் ரேகை, அட்டையிலிருந்த ரேகையோடு ஒத்திருந்தது. பல நூறு மைலுக்கு அப்பால் பீர்பூம் ஜில்லாவில் அவன் பிடிபட்டான். கறை இரத்தக்கறையே என்று இரசாயனப் பரிசோதகர் உறுதி கூறினார். சமையற்காரன் உடையிலிருந்தது, அவன் சொன்னபடியே, துரையின் சாப்பாட்டிற்காக அறுத்த புறாவின் இரத்தம் என்பதும் தெளிவாயிற்று. 1898 இல் தீர்ப்பு வந்தது. திருட்டுக் குற்றம் ருசுவாயிற்று. ஆனால் அவன் கொன்றதை எவரும் கண்ணாற் காணவில்லையாதலால், கொலைக் குற்றத்தில் சந்தேகத்தின் பயனை அவனுக்கே அளித்தார்கள். ரேகை எவ்வளவு சொல்லிற்றோ அவ்வளவே எடுத்துக்கொண்டார்கள்; அதற்குமேல் ஓர் அங்குலமும் நீட்டவில்லை. தொடர்பு தேடும் எவருக்கும் இது பாடமாகத் தக்கது.

கைநாட்டு என்றால் நம்மிடையே இகழ்ச்சி. எழுத்தறியாதவனைக் 'கைநாட்டுப் பேர்வழி' என்கிறோம். 1858 இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, ஒப்பந்தக்காரன் ஒருவன் பின்னால் மறுக்காதிருக்கும்பொருட்டு அவன் உள்ளங்கையையே மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதித்துக்கொண்டார். ஏழையின் கைரேகை முதன்முதல் வேண்டப்பட்டது அவனைக் கட்டுவதற்காகவே. அதே ரேகைக் கலைதான் ஜல்பாய்குரித் தோட்டத்துக் கூலிகளைக் கட்டவிழ்த்தது. கருவியில் நன்மையுமில்லை, தீமையுமில்லை. அதைப் பிடிக்கும் நீதியில்தான் இருக்கிறது.

மூன்றாவது வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. லெஸ்டர் நகரை அடுத்த நார்பரோ கிராமத்தில் 1983 இல் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கெடுக்கப்பட்டுக் கொலையுண்டாள். செய்தவன் அகப்படவில்லை. 1986 இல் அண்டைக் கிராமமாகிய எண்டர்பியில் அதே வயதுடைய மற்றொரு பெண்ணுக்கு அதே கதி நேர்ந்தது. ஒரு கையே இரண்டையும் செய்தது என்று ஊரும் நம்பிற்று, போலீசும் நம்பிற்று. பதினேழு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். அவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதலாவதைச் செய்யவில்லை என்றான். முதலாவதையும் அவன்மேல் நிலைநாட்ட விரும்பிய போலீசார், மனித உயிரணுவின் மரபுக்கூறுகளைக் கொண்டு ஆளை அடையாளங்காணும் முறையைப் புதிதாகக் கண்டிருந்த பேராசிரியர் அலெக் ஜெப்ரீஸ் அவர்களை நாடினார்கள்.

விடை எவரும் எதிர்பாராதது. இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒருவனே. ஆனால் அவன் இந்தப் பையன் அல்லன்! தானே ஒப்புக்கொண்டவன் குற்றமற்றவனாக வெளியே வந்தான். பின்னர் அவ்வட்டாரத்து ஆடவர் ஐயாயிரம் பேருக்குமேல் சோதித்தும் ஆள் அகப்படவில்லை. மெய்யான குற்றவாளி தனக்குப் பதிலாக வேறொருவனைச் சோதனைக்கு அனுப்பியிருந்தான். அந்த வேறொருவன் மதுக்கடையில் வாய்தவறிப் பேசியதைக் கேட்டவர் அதைப் போலீசுக்குத் தெரிவித்தார். 1987 இல் கொலைகாரன் பிடிபட்டான். 1988 இல் ஆயுள் தண்டனை பெற்றான்.

மூன்றையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். பம்பாயில் வாய் பேசிற்று; அதனால் எண்ணிக்கை இன்றும் தெளியவில்லை. ஜல்பாய்குரியில் விரல் பேசிற்று, அப்பாவிகள் தப்பினார்கள். இங்கிலாந்தில் வாய் பொய் சொல்ல உடலின் அணு மெய் சொல்லிற்று. வாக்குமூலமே ஆயினும் சோதிக்கப்பட்டாலன்றி ருசுவாகாது என்றால், தேநீர்க்கடை வதந்தியின் மதிப்பு எவ்வளவு? எனினும் கடைப்பேச்சு முழுதும் வீணென்று தள்ளுவதற்கில்லை. மதுக்கடையிற் கேட்ட சொல்லைச் சோதிக்க வல்லார் செவியிற் போட்ட ஒருவரால் அன்றோ வழக்கு முடிந்தது? அதே சொல்லை அவர் பத்துப்பேரிடம் பரப்பி மகிழ்ந்திருந்தால் குற்றவாளி எச்சரிக்கையாகி ஓடியிருப்பான்.

ஆனால் விரலும் அணுவும் பேச வேண்டுமானால் அதற்கு முன்பே ஒன்று நடந்திருக்க வேண்டும். எவரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். பழைய ரேகை ஏட்டில் இருந்ததனாலேயே கல்கத்தாவில் விடை கிடைத்தது. முதற்கொலையின் தடயத்தை மூன்றாண்டு பத்திரமாக வைத்திருந்ததனாலேயே லெஸ்டரில் விடை கிடைத்தது. செத்தவர் இன்னார், செத்த நாள் இது, செத்த விதம் இது என்று எழுதாத இடத்தில் பழைய கொலையே கிடையாது. பழையது இல்லாதபோது புதியதை எதனோடு இணைப்பது? ஏழையின் சாவை எழுதாமல் விடும் சமுதாயம் கொலைகாரனுக்குச் செய்யும் உதவி, கத்தி எடுத்துக் கொடுப்பதற்குச் சற்றும் குறைந்ததன்று.

இதை எழுதும்போது என் நெஞ்சில் நிற்பது நம் சிங்கையின் வடபுறத்திலுள்ள கிராஞ்சி. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் கரையிறங்கிய இடங்களுள் ஒன்றான அங்கே, போரில் மாண்டவர்களின் கல்லறைத்தோட்டம் இருக்கிறது. 4,400 க்கு மேற்பட்ட கல்லறைகள். அவற்றுள் 850 க்கு மேற்பட்டவை இன்னார் என்று அறியப்படாதவருடையவை. 1957 இல் திறக்கப்பட்ட நினைவுச்சுவர்களிலோ, கல்லறை இன்னதென்று அறியப்படாத 24,000 க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் நம் நாட்டுச் சிப்பாய்களும் பலர். உடல் கிடைக்காதபோதும் பெயர் கிடைத்தது எப்படி? பட்டாளத்தில் பெயர்ப்பட்டியல் இருந்தது.

அதே போரில், மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளர்கள் சீயம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் முடிந்த அப்பாதையில் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டவர்கள் எத்தனை பேர்? இங்கும் நூலுக்கு நூல் தொகை மாறுகிறது. பம்பாய் நடைபாதையின் கணக்கும் சீயக் காட்டின் கணக்கும் ஒரே காரணத்தால் தெளியாமல் நிற்கின்றன. சிப்பாய்க்குச் சுவர் இருக்கிறது. கூலிக்குப் பட்டியலே இல்லை. பட்டியல் இல்லாததால் அவர்களைச் சாகவிட்டவர்கள்மேல் பெயர் சொல்லிச் சாட்டத் தக்க குற்றமும் குறைந்துபோயிற்று.

ஆகவே தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் தமிழ் மக்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கொலைச் செய்தி கேட்டால் நடுங்கிக் கிளியையும் பூனையையும் தேடாதீர்கள். எந்த இனத்தானையும் சுட்டாதீர்கள். கண்டது ஏதேனும் இருந்தால் கண்ட அளவுக்குச் சொல்லுங்கள். கேட்டது இருந்தால் கேட்டதென்றே சொல்லுங்கள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். உடன் தங்கி வேலை செய்பவன் ஒருநாள் வராவிட்டால், ஊருக்குப் போயிருப்பான் என்று எண்ணிப் படுத்துவிடாமல் விசாரியுங்கள். அவன் முழுப்பெயரையும் ஊரையும் அறிந்து வைத்திருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாலும் போதும். முதலில் மாண்டவனின் பெயரை எழுதிவைக்க ஒருவர் இருந்தாரானால், பின்னால் மாள இருந்தவன் பிழைத்திருக்கக்கூடும்.